தொட்டுக்க என்ன?

அம்மா என்ன மீன் கழுவுகிறாள் என்பதை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று சிறுவயதில் எனக்குத் தெரிந்துவிடும். நெத்திலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் அலசினால் நைனா பிராந்தியோடு வருகிறார். இறால் உரிக்க உட்கார்ந்தால் படகுக்காரர் கூலியைக் கொடுத்துவிட்டார், கூட நாலு பேர் வருவார்கள், பீர். வெறும் மாங்காய் ஊறுகாயைக் கிண்ணத்தில் எடுத்துவைத்தால் கையில் காசில்லை. அன்று சீக்கிரம் வந்துவிடுவார். அன்றுதான் அதிகமாக அடிப்பார்.

எதற்கு எதைத் தொட்டுக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவுக்கு அத்துப்படி. பிராந்தி நாக்கை எரித்துவிடும், அதனால் அதற்கு உப்பும் காரமும் தூக்கலாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். பீருக்கு எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த இறால், மிளகு போட்டு. குழம்பு மீனை வைத்தால் தட்டு பறக்கும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பறந்த தட்டுகளை எண்ணிப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இத்தனைக்கும் அவள் நாக்கில் ஒரு சொட்டு பட்டதில்லை. இந்த வேலையையே பெரிய ஓட்டல்களில் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்கிறார்கள் என்றும், அதற்குப் படிப்பும் பட்டமும் சம்பளமும் உண்டு என்றும் எனக்குத் தெரியவந்தபோது அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், கொஞ்சம் எங்களிடம். ஏரியில் யார் எங்கே எந்த நாளில் வலை கட்டுவது என்பதற்குப் 'பாடு' என்றொரு முறை உண்டு. பரம்பரையாக வரும் உரிமை அது, ஆண்கள் பெயரில்தான் வரும். எங்கள் வீட்டு ஆண்களுக்கும் பாடு இல்லை. நைனா அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். ஆயா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்தாள். வலையில் பிடித்தால் தொழில், கையில் பிடித்தால் வயிற்றுப்பாடு. ஏரிக்கரையில் அப்படித்தான் பேச்சு.

நான் படித்துத் தப்பித்தவள். சென்னையில் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டு, ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். 2017 பிப்ரவரியில் என்னை ஹிரோஷிமாவுக்கு அனுப்பினார்கள். நைனா இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. கல்லீரல்.

ஏப்ரலில் செர்ரி பூத்தது. அலுவலகத்தில் எல்லோரும் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மா, ஓய்வுபெறும் வயது, சின்னப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார். மதுவின் வாடை அடித்தாலே எனக்கு வயிறு சுருண்டுகொள்ளும். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் மூக்குக்கு வந்தது அந்த வாடை இல்லை. பழைய சோற்றுப் பானையைக் காலையில் திறந்தால் வருமே, அந்த வாசம். கூடவே லேசாக வாழைப்பழம். குடித்தேன். தொண்டை எரியவில்லை. அந்த அம்மா தனக்கும் ஊற்றிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல், பூவைப் பார்த்துக் குடித்தார். ஒரு பெண் குடித்துவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதே மாதம்தான் தமிழ்நாட்டில் மதுக்கடைகளுக்கு எதிராகப் பெண்கள் தெருவில் இருந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, கடைகளை ஊர்களுக்குள் நகர்த்தப் பார்த்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணை காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அம்மாவும் பக்கத்துக் குப்பத்துப் பெண்களோடு ஒரு கடையின் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். போனில் சொன்னாள்: "நெல்லூர்ப் பக்கத்துப் பொம்பளைங்க செஞ்சாங்களே, நாம செய்ய முடியாதா?" 1992-இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் தொடங்கிய சாராய எதிர்ப்பைத்தான் சொன்னாள். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஆந்திராவில் சாராயம் தடைசெய்யப்பட்டது அந்தப் பெண்களால்தான். ஏரியின் அந்தக் கரையில் உள்ள சொந்தக்காரர்கள் வழியாக அந்தக் கதை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. நான் "பத்திரமா இரும்மா" என்றேன். கிண்ணத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

பிறகு நான் குடிக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். சாக்கே அரிசியில் செய்வது. திராட்சையில் சர்க்கரை தானாகவே இருக்கிறது, அரிசியில் இல்லை. மாவை முதலில் சர்க்கரையாக்க வேண்டும். அதற்கு வேகவைத்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சையை வளர்க்கிறார்கள். கோஜி மாவை உடைத்துச் சர்க்கரையாக்க ஆக்க, ஈஸ்ட் அதைச் சாராயமாக்குகிறது. இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில். முடிவில் 15, 16 சதவீதம் வரும். பீரைவிட மூன்று மடங்கு, பிராந்தியில் பாதிகூட இல்லை.

வகைகள் அரிசியை எவ்வளவு தீட்டுகிறார்கள் என்பதில் இருக்கின்றன. வெளிப்புறத்தில் கொழுப்பும் புரதமும் இருக்கும், உள்ளே வெறும் மாவு. 40 சதவீதமாவது தீட்டித் தள்ளினால் கின்ஜோ, பாதியாவது தள்ளினால் தைகின்ஜோ. அவற்றில் பழ வாசம் தூக்கும். நுங்கு, வெள்ளரிப்பழம் என்று நான் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அரிசி, தண்ணீர், கோஜி தவிர வேறு சேர்க்காதது ஜுன்மாய். தீட்டல் குறைந்த ஜுன்மாயில் சோற்றின் சுவை நன்றாகத் தெரியும், சூடாக்கிக் குடிக்கலாம். சரியாக வடிக்காமல் வெள்ளையாகக் கலங்கி வருவது நிகோரி. விலை உயர்ந்தது தைகின்ஜோ, எல்லோரும் அதைத்தான் மெச்சுவார்கள். எனக்கு ஜுன்மாய்தான் பிடித்தது. பாதி அரிசியைத் தீட்டி எறிவதை என் வயிறு ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தக் குளிர்காலத்தில், ஒரு ஞாயிறு, கடலோர ரயிலில் அகித்சு என்ற ஊருக்குப் போனேன். உள்கடல், சிப்பி வளர்க்கும் ஊர், கரையெல்லாம் ஓடு. மூக்கை மூடிக்கொண்டால்தான் அது பழவேற்காடு இல்லை என்று நம்ப முடியும். மிஹோ இமாதா என்ற பெண்மணியின் சாக்கே ஆலை இருக்கும் ஊர் அது. ஜப்பானில் நூற்றாண்டுகளாகப் பெண்கள் சாக்கே ஆலைக்குள் நுழையக் கூடாது. தீட்டு என்றார்கள், புளிப்பு கெட்டுவிடும் என்றார்கள். சபரிமலையையும் ஊறுகாய்ப் பானையையும் தெரிந்த நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அங்கே ஆதியில் அரிசியை வாயில் மென்று துப்பி மதுவாக்கியது பெண்கள்தான் என்கிறார்கள். ஆலையின் தலைமைக் கைவினைஞருக்குப் பெயர் 'தோஜி'. வீட்டை நிர்வகிக்கும் பெண்ணைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து அது வந்தது என்றும் ஒரு கருத்து உண்டு. சொல்லை வைத்துக்கொண்டு ஆளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இமாதாவின் குடும்ப ஆலை 1868-இல் தொடங்கியது. அவர் டோக்கியோவில் நோ நாடகத் துறையில் வேலை பார்த்துவிட்டு, முப்பதுகளில் ஊர் திரும்பி, கற்று, தோஜி ஆனவர். வழக்கொழிந்துபோன ஹத்தான்சோ என்ற நெல்லை மீட்டுப் பயிரிடவைத்தவர். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். நான் ஆலைக்குள் போகவில்லை. ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து, கடல் உணவோடு குடிக்கவென்றே வெள்ளைக் கோஜியில் அவர் செய்யும் சாக்கேயை வாங்கினேன். வெள்ளைக் கோஜி எலுமிச்சைப் புளிப்பைத் தரும். சிப்பியை வாயில் போட்டேன், ஏரித் தண்ணீர். மேலே அதைக் குடித்தேன். யாரோ எலுமிச்சை பிழிந்த மாதிரி உப்பு அடங்கி, இனிப்பு மட்டும் மேலே வந்தது. கவிச்சி இல்லை. வைனில் இருக்கும் இரும்பு மீனோடு சேர்ந்தால் கவிச்சியைக் கிளப்பும், சாக்கேயில் இரும்பு மிகக் குறைவு என்று பின்னால் படித்தேன். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: நைனா ஒருநாளும் மீனை ருசித்ததில்லை. அம்மா செய்த அத்தனை வறுவலும் எரிச்சலை அணைக்கத்தான் பயன்பட்டது.

ஆயாவைப் பற்றி நினைத்ததும் அங்கேதான். நெல் வாங்க முடியாத வீட்டில் மிஞ்சும் சோறு எவ்வளவு இருந்துவிடும்? ஆனாலும் கலியாணம், கருமாதி நாட்களில் மிஞ்சியதைப் பானையில் போட்டு, வாயைக் கட்டி, புளிக்கவிடுவாளாம். சுண்டக்கஞ்சி. வடசென்னைக் கடற்கரை முழுக்கத் தெரிந்த பெயர். "நாளெல்லாம் தண்ணியில நின்னுட்டு வந்தா வெரல்லாம் மரத்துப்பூடும். ஒரு லோட்டா குடிச்சிட்டு, ரெண்டு மடவை சுட்டுத் துன்னா தூக்கம் வரும்" என்பாள். ஒருநாள் காக்கிச் சட்டைக்காரர்கள் வந்து பானையை உடைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் செய்யவில்லை. அந்தப் பானை போனதைத் தாத்தா போனதைவிட அதிகம் சொல்லியிருக்கிறாள்.

கல்லூரியில் பாடமாக வைத்திருந்த பெரும்பாணாற்றுப்படையை ஹிரோஷிமாவில் இணையத்தில் மறுபடி தேடிப் படித்தேன். தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழியில் என்னென்ன கிடைக்கும் என்று உருத்திரங்கண்ணனார் சொல்லிக்கொண்டே போகிறார். வலைஞர் குடியிருப்பு வரும் இடம் ஒரு செய்முறைக் குறிப்பு. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்க வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். புற்றுக்குள் இருக்கும் கறையான் கூடு போலத் தோன்றும் அடையை, அதாவது இடித்த நெல்முளையை, அதில் பிசைந்து கலக்க வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு சாடியில் விளைய வேண்டும். பிறகு விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். ஜப்பானில் பூஞ்சை செய்வதை இங்கே முளை செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதை எதோடு தருவார்கள் என்றும் புலவர் சொல்கிறார்: சுட்ட மீனோடு. எங்கள் ஏரியும் அந்தத் தொண்டை நாட்டில்தான் இருக்கிறது. அந்தக் கூழை யார் துழாவினார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதே பாட்டில் பட்டினம் வரும்போது கள் சமைக்கும் பெண்கள் வந்துவிடுகிறார்கள். அவர்கள் வட்டில் கழுவிய தண்ணீர் வழிந்த சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. இரண்டாயிரம் வருட இலக்கியத்தில் யார் பாத்திரம் கழுவினார்கள் என்பது மட்டும் தெளிவாகத்தான் இருக்கிறது.

அவ்வையார் அதியமானோடு சமமாக உட்கார்ந்து கள் குடித்ததை நம் மேடைகளில் அடிக்கடி சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்த வட்டில் கழுவியவர்கள்மேல்தான் அக்கறை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க. 1971-இல் திறந்தார்கள், 1974-இல் மூடினார்கள். 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது, 1987-இல் கள்ளுக்குத் தடை வந்தது, 2003-இல் அரசே சில்லறைக் கடை நடத்தத் தொடங்கியது. ஜப்பானிலும் 1899-இல் வீட்டில் காய்ச்சுவதைத் தடைசெய்துவிட்டார்கள், வரி போய்விடுமாம். அங்கே ஆலைகளாவது அரிசியில் செய்வதைத் தொடர்ந்தன. 2024 டிசம்பரில் அந்தக் கைவினை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இங்கே வீட்டுப் பானை குற்றம், கடைப் பிராந்தி வருமானம். கள்ளச்சாராயத்துக்கு நான் பரிந்து பேசவில்லை. 2023-இல் எக்கியார்குப்பத்தில், 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் என்ன செய்தது என்று பார்த்தோம். கள்ளக்குறிச்சியில் பெண்களும் செத்தார்கள். "பொம்பளைக்கு எதுக்கு அது" என்று அவர்கள் பிணத்தைப் பார்த்தும் பேசினார்கள்.

2018 மார்ச்சில் ஊர் திரும்பும்போது பெட்டியில் மூன்று பாட்டில் கொண்டுவந்தேன். ஒரு ஜுன்மாய், ஒரு தைகின்ஜோ, சின்னதாக ஒரு நிகோரி. சேலைகளுக்கு நடுவில் அம்மா கண்டுபிடித்தாள். சத்தம் போடவில்லை. பாட்டிலைத் தொடாமல் பெட்டியை மட்டும் மூடினாள்.

"இன்னாடி இது?"

சொன்னேன். அரிசி, கோஜி, சிப்பி என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெண் தோஜியைப் பற்றிச் சொன்னேன். என் குரலில் ஒரு வகுப்பறை இருந்தது, எனக்கே கேட்டது.

"நான் அந்தக் கடை வாசல்ல வெயில்ல குந்திகினு இருந்தப்போ நீ இத்தான் குடிச்சியா?"

"ஆமா."

"உனக்கு அது வாசனை. எனக்கு அது அந்தாளு வாய் நாத்தம். நீ படிச்சவ, உனக்கு அது வேற, இது வேற. எனக்கு ஒண்ணுதான்."

எனக்குப் பதில் இல்லை. ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் என்று தொடங்கி நான் பேசியிருக்கலாம். அம்மாவுக்கு எதிரே அந்த வாக்கியம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. நான் ருசி பார்க்க முடிந்ததற்குக் காரணம் என் துணிச்சல் இல்லை. குடிக்கிற ஆண் இல்லாத வீடும், சம்பளமும், ஆறாயிரம் கிலோமீட்டர் தூரமும்தான்.

அன்று சாயங்காலம் கதை மாறியது ஆயாவால்தான். எண்பதைத் தாண்டியவள், பாதி காது கேட்காது. "அரிசியில பண்ணதாமே? எடுத்தா, பாக்கலாம்" என்றாள். அம்மா "யம்மா!" என்றாள். ஆயா காதில் விழாத மாதிரி இருந்தாள். அது காது கேட்காததால் இல்லை.

பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆயா, பெரிம்மா, நான். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், வாசல் பக்கம் முதுகைக் காட்டி. முதலில் தைகின்ஜோவை ஊற்றினேன், விலை அதிகம் என்பதால். பெரிம்மா முகர்ந்து, "சென்ட் மாரி கீது" என்று வைத்துவிட்டாள். மிளகாய்த்தூள் போட்ட நண்டு வறுவலோடு குடித்துப் பார்த்தேன். சுவையே இல்லை, தண்ணீர். ஜப்பானில் இருந்து சுமந்து வந்தது எங்கள் மசாலாவில் ஒரே வாயில் காணாமல் போனது. நிகோரி நின்றது. கெட்டியும் இனிப்பும் இருப்பதால் காரத்தைத் தாங்கியது. பெரிம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

ஜுன்மாயைச் சொம்பில் ஊற்றிச் சுடுதண்ணீர்ப் பானைக்குள் வைத்தேன். கை பொறுக்கும் சூடு போதும். ஆவி கிளம்பியதும் அடுக்களை முழுக்கச் சோற்று வாசம். ஆயா எச்சில் விழுங்கியது தெரிந்தது. ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். "புளிப்பு பத்தல. ஆனா சோறுதான்" என்றாள்.

அப்போதுதான் அம்மா திரும்பினாள். "இப்டிக் குடு" என்று சொம்பை வாங்கினாள். குடிக்கவில்லை. மூக்குக்குக் கீழே பிடித்து, மூன்று தடவை முகர்ந்தாள். பிறகு எதுவும் சொல்லாமல், மசாலா தடவி வைத்திருந்த மடவையை எடுத்துத் தண்ணீரில் அலசினாள். மஞ்சள், மிளகாய் எல்லாம் போனது. உப்பு மட்டும் தடவி, தணலில் நேரே போட்டாள். தோல் கருகி வெடித்ததும் எடுத்து, வாழையிலைத் துண்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

"இத்தோட துன்னு பாரு. மிளகா இதுக்கு ஆகாது. இது மெல்லிசு."

சரியாக இருந்தது. மடவையின் கொழுப்பைச் சூடான சாக்கே கரைத்து எடுத்துக்கொண்டு போக, நாக்கில் புகையும் சோறும் மிஞ்சியது. ஹிரோஷிமாவில் ஒரு வருடம் குறிப்பேடு வைத்துக்கொண்டு நான் தேடியதை மூக்கால் மட்டும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "எப்படிம்மா தெரிஞ்சது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இருவது வருசம் இதானே வேலை" என்றாள். அவளும் மீனைப் பிட்டுத் தின்றாள், வெறும் மீனை. நான் கிண்ணத்தை நீட்டவில்லை. பிறகும் ஒருபோதும் நீட்டியதில்லை.

இரண்டாவது மீன் வேகும்போது, அந்த ஊர்ச் சிப்பியைப் பற்றிக் கேட்டாள். சிப்பியை ஓடு பிளந்து எடுப்பது அங்கேயும் பெரும்பாலும் பெண்கள்தான் என்றேன். குளிர்காலத்தில் விடியுமுன் வரிசையாக உட்கார்ந்து கத்தியால் பிளப்பார்கள், இப்போது வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞர்களும் கூடச் செய்கிறார்கள் என்றேன்.

"கை குத்துமே. கிலோவுக்கு இன்னா கூலி தராங்க?"

ஒரு வருடத்தில் எத்தனையோ சாக்கேயின் தீட்டல் சதவீதத்தை எழுதிவைத்திருந்தேன். இதை யாரிடமும் கேட்டிருக்கவில்லை. அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள்.

தைகின்ஜோவைப் பெரிம்மா தலைவலிக்குத் தடவ எடுத்துக்கொண்டு போனாள். ஜுன்மாயில் பாதி மிஞ்சியதை ஆயா தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்ந்துவிட்டது. மூன்று நாளும் சாயங்காலம் அம்மா அவளுக்கு இரண்டு மடவை உப்புத் தடவிச் சுட்டுக் கொடுத்ததாகப் பெரிம்மா போனில் சொன்னாள்.